காப் 110: பெயர் தெரியாத கப்பலுக்கு ஒரு நினைவிடம்

கரீபியன் கடலில் மார்ட்டினிக் என்று ஒரு தீவு. மொத்தப் பரப்பு சுமார் 1,100 சதுர கிலோமீட்டர்தான். உலக மேப்பில் பேனா முனை பட்டால் மறைந்துவிடும். அமெரிக்கக் கண்டத்துக்குப் பக்கத்தில் இருந்தாலும் இது இன்றும் பிரான்ஸின் ஒரு பகுதி. கடைகளில் யூரோதான் ஓடுகிறது.

இந்தத் தீவின் தென்மேற்கு மூலையில் லெ டயமான் என்று ஒரு ஊர். அதை ஒட்டி ஆன்ஸ் கஃபார் என்கிற சின்ன வளைகுடா. கடலுக்கு மேலே ஒரு புல்வெளிச் சரிவு. அங்கே 15 வெள்ளைச் சிலைகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் இரண்டரை மீட்டர் உயரம், அதாவது எட்டடி. தலை குனிந்து, தோள் தொய்ந்து, கைகள் இரண்டும் தொங்கிக் கிடக்க, எல்லாமே கடலைப் பார்த்து நிற்கின்றன. எந்தச் சிலைக்கும் பெயர் கிடையாது. ராஜா, தளபதி, தியாகி என்று அடையாளம் சொல்லவும் முடியாது.

நினைவிடத்தின் பெயர் காப் 110. பிரெஞ்சில் 'காப்' என்றால் கப்பல் போகும் திசை. 110 என்பது திசைகாட்டியில் 110 டிகிரி. இந்த இடத்திலிருந்து அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு அட்லாண்டிக்கைக் கடந்தால் ஆப்பிரிக்காவின் கினி வளைகுடா வரும். சிலைகள் பார்ப்பது அந்தத் திசையைத்தான்.

ஒரு நினைவிடத்துக்கு ஏன் டிகிரியில் பெயர் வைக்க வேண்டும்? 'இன்ன கப்பலில் இறந்தவர்கள் நினைவிடம்' என்று வைத்திருக்கலாமே? வைக்க முடியாது. அந்தக் கப்பலின் பெயர் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

1830 ஏப்ரல் 8. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன். பகலிலேயே இந்தக் கரைக்கு எதிரே ஒரு கப்பல் தடுமாறிக்கொண்டு வருவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். பிற்பகலில் அது பாறைகளுக்குப் பக்கத்தில், விவரம் தெரிந்த மாலுமி யாரும் நிறுத்தாத இடத்தில், நங்கூரம் போட்டது. பக்கத்துக் கரும்புத் தோட்டத்தை நிர்வகித்த பிரான்சுவா டிஸாக் என்பவருக்கு அதைப் பார்த்ததுமே ஆபத்து புரிந்துவிட்டது. ஆனால் அலை பலமாக இருந்ததால் எச்சரிக்கப் போக முடியவில்லை. இரவு 11 மணி வாக்கில் கப்பல் பாறையில் மோதியது.

தோட்டத்தில் வேலை செய்த அடிமைகள் ஓடி வந்து, அந்த இருட்டில் கையில் அகப்பட்டவர்களையெல்லாம் இழுத்துக் கரை சேர்த்தார்கள். (இது பல இடங்களில் ஒரு வரியில் கடந்து போய்விடுகிற விஷயம். கடலில் இறங்கி அடிமைகளைக் காப்பாற்றியவர்களும் அடிமைகள்தான்.) பிழைத்தவர்கள் 86 பேர். அவர்களில் 60 பேர் பெண்களும் சிறுமிகளும், 26 பேர் ஆண்கள். கரையில் ஒதுங்கிய உடல்கள் 46. அதில் 4 பேர் வெள்ளை மாலுமிகள். கப்பலில் ஏறத்தாழ 300 ஆப்பிரிக்கர்கள் இருந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. மற்றவர்களைக் கடல் கொண்டுபோய்விட்டது. அடிமைக் கப்பல்களில் பொதுவாக ஆண்களே அதிகம் இருப்பார்கள். இங்கே பிழைத்த ஆண்கள் ஏன் இவ்வளவு குறைவு? ஆண்களைக் கீழ்த்தட்டில் காலில் விலங்கிட்டு வைத்திருந்தார்கள் என்பதுதான் சொல்லப்படும் விளக்கம்.

மாலுமிகளில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. எங்கிருந்து வருகிறது, யாருடைய கப்பல், எந்த நாட்டுக் கொடி என்று சொல்ல ஆள் இல்லை. இறந்த மாலுமிகளை ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். இறந்த ஆப்பிரிக்கர்களைக் கரையிலேயே புதைத்தார்கள்.

இப்போது கொஞ்சம் கணக்குப் பக்கம் போவோம்.

அட்லாண்டிக் அடிமை வியாபாரம் என்றதும் ஏதோ கொள்ளைக்கூட்டம் ஊருக்குள் புகுந்து ஆட்களைத் தூக்கிச் சென்ற கதையாகத்தான் பலர் மனதில் பதிந்திருக்கிறது. உண்மையில் அது அந்தக் காலத்தின் மிக ஒழுங்கான பிசினஸ்களில் ஒன்று. பங்குதாரர்கள் உண்டு, கடன் உண்டு, இன்சூரன்ஸ் உண்டு, போன சரக்கு வந்த சரக்குக்கு ரசீது உண்டு. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஏற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர் என்றும், உயிரோடு இறங்கியவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம் பேர் என்றும் இன்று வரலாற்றாய்வாளர்களால் சொல்ல முடிகிறதே, எப்படி? வியாபாரிகள் எழுதி வைத்த கணக்குகளை வைத்துத்தான். 36,000 பயணங்களுக்கு மேல் இப்போது ஒரே தரவுத்தளத்தில் தொகுத்து வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கணக்கில் மனிதனை எப்படி எழுதினார்கள்? ஒரு அலகு வைத்திருந்தார்கள். நல்ல உடற்கட்டுள்ள ஒரு வாலிபன் என்றால் ஒரு முழு அலகு. பெண், குழந்தை, வயதானவர், பல் போனவர் என்றால் அலகில் இத்தனை பங்கு. அந்த அலகுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் 'இந்தியத் துண்டு'. போர்ச்சுக்கீசியர்களிடமும் இதே சொல் இருந்தது. ஒரு ஆளின் விலை இத்தனை இந்தியத் துணி என்று பேசியதில் வந்த பெயர் என்பது பொதுவான விளக்கம். மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் அவ்வளவு கிராக்கி இருந்த சரக்கு இந்தியப் பருத்தித் துணி. அவுரிச் சாயம் தோய்த்த நீலத் துணி புதுச்சேரியிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் பிரான்ஸுக்குப் போய், அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போனது. துணியின் பெயரே 'கினி'. நம் ஊர்த் தறியில் நெய்தவருக்கும் சாயம் போட்டவருக்கும் அது எதை வாங்கப் போகிறது என்று தெரிந்திருக்க நியாயமில்லை. பள்ளிக்கூடத்தில் 'முக்கோண வாணிகம்' என்று படம் போட்டு ஐரோப்பா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்று மூன்று முனைகளைக் காட்டுவார்கள். நான்காவதாக ஒரு முனை நம் கடற்கரையில் இருந்தது படத்தில் வராது.

சரக்கு என்று எழுதிவிட்டால் அதற்குரிய சட்டங்களும் பின்னாலேயே வந்துவிடும். 1781இல் லிவர்பூல் வியாபாரிகளின் ஸோங் என்ற கப்பலில் குடிநீர் பற்றாக்குறை என்று சொல்லி 130 பேருக்கு மேல் உயிரோடு கடலில் தள்ளினார்கள். பிறகு ஆளுக்கு 30 பவுண்டு வீதம் இன்சூரன்ஸ் கேட்டு வழக்கு! கொலை வழக்கு இல்லை, நஷ்டஈட்டு வழக்கு. 1783இல் ஜூரி முதலில் வியாபாரிகள் பக்கமே தீர்ப்புச் சொன்னது. மேல்விசாரணையில்தான் மறுவிசாரணைக்கு உத்தரவானது.

இவ்வளவு எழுதி வைத்த வியாபாரத்தில், லெ டயமான் கப்பலைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட ஏன் இல்லை? ஏனென்றால் 1830இல் இந்த வியாபாரம் சட்டவிரோதம். பிரான்ஸ் 1818இல் அடிமை வியாபாரத்தைத் தடை செய்து சட்டம் போட்டது. 1827இல் தண்டனையைக் கூட்டியது. ஆனால் கவனிக்க வேண்டும்: ஆட்களைக் கடல் வழியே கொண்டுவந்து விற்பதற்குத்தான் தடை. அடிமைகளை வைத்திருப்பதற்குத் தடை இல்லை. சப்ளையை நிறுத்திவிட்டு டிமாண்டை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்பதை பி.காம். முதல் வருடப் பாடமே சொல்லிவிடும். விலை ஏறியது, கடத்தல் பெருகியது. ஒதுக்குப்புறமான வளைகுடாவில் இரவோடு இரவாக ஆட்களை இறக்குவார்கள். விடிந்ததும் அவர்கள் தோட்டத்து அடிமைகளோடு கலந்துவிடுவார்கள். அதிகாரிகள் பலர் கண்டும் காணாமல் இருந்தார்கள். ஆன்ஸ் கஃபாருக்கு வந்ததும் அப்படி ஒரு கப்பலாகத்தான் இருக்க வேண்டும். கடத்தல்காரன் கணக்கு எழுதினாலும் அதை விட்டு வைப்பதில்லை.

அதாவது வியாபாரம் சட்டப்படி நடந்தபோது அடிமையின் பெயர் இல்லாவிட்டாலும் அவன் விலையாவது காகிதத்தில் இருந்தது. சட்டவிரோதமான பிறகு அதுவும் இல்லை. தடைச் சட்டம் வந்தது நல்லதற்குத்தான், சந்தேகமில்லை. ஆனால் அரைகுறையாக வந்த அந்தச் சட்டத்தின் கீழ் கடத்தப்பட்டவர்கள்தான் வரலாற்றில் மிகவும் காணாமல் போனவர்கள்.

பிழைத்த 86 பேர் கதை இதைவிட விசித்திரம். இவர்களை என்ன செய்வது என்று மார்ட்டினிக் நிர்வாகத்துக்குத் தெரியவில்லை. அடிமைகள் என்று சொல்ல முடியாது, கொண்டுவந்ததே சட்டவிரோதம். சுதந்திர மனிதர்கள் என்று சொல்லித் தீவில் நடமாட விட்டால், பல ஆயிரம் அடிமைகள் வேலை செய்யும் ஊரில் அது கெட்ட உதாரணமாகிவிடும் என்று தோட்ட முதலாளிகளுக்குப் பயம். முதலாளி இல்லாத கறுப்பு மனிதர்கள் என்ற நிலைக்கு அந்தக் காலனியின் பதிவேட்டில் வசதியான இடம் இல்லை. கடைசியில் கண்டுபிடித்த தீர்வு, அதே வருடம் அவர்களைக் கப்பலேற்றித் தென் அமெரிக்கக் கரையில் இருந்த இன்னொரு பிரெஞ்சுக் காலனியான கயென்னுக்கு அனுப்பிவிடுவது. ஒரு கப்பலிலிருந்து தப்பிப் பிழைத்தவர்களை இன்னொரு கப்பலில் ஏற்றினார்கள். அடுத்த வருடம், 1831 மார்ச்சில், பிரான்ஸ் கடுமையான ஒரு சட்டம் போட்டது. பிடிபடும் கப்பலில் இருப்பவர்கள் சுதந்திரமானவர்கள் என்று அதில் இருந்தது. கூடவே, அரசாங்கத்துக்கு 7 வருடம் வரை வேலை செய்யக் கட்டுப்படுத்தலாம் என்றும் இருந்தது. சுதந்திரம், ஆனால் கண்டிஷன்ஸ் அப்ளை!

மார்ட்டினிக்கில் அடிமை முறையே ஒழிந்தது 1848இல். பாரிஸில் ஏப்ரல் 27ஆம் தேதி ஆணை கையெழுத்தானது. அது கப்பலில் வந்து சேருவதற்குள் மே 22ஆம் தேதி தீவில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். மறுநாளே கவர்னர் விடுதலையை அறிவிக்க வேண்டியதாகிவிட்டது. அதனால் அங்கே இன்றும் மே 22தான் விடுமுறை நாள்.

70,000 பேருக்கு மேல் விடுதலையானார்கள். அதுவரை பெரும்பாலானோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. அதிகாரிகள் தோட்டம் தோட்டமாகப் பதிவேடு திறந்து ஆளாளுக்கு ஒரு குடும்பப் பெயர் எழுதினார்கள். பெயர் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. 1849 ஏப்ரல் 30ஆம் தேதிச் சட்டப்படி நஷ்டஈடு முழுவதும் முதலாளிகளுக்கே போனது. எல்லாக் காலனிகளுக்கும் சேர்த்து 6 மில்லியன் பிராங்க் ரொக்கம், 120 மில்லியன் பிராங்க் 5 சதவீதக் கடன் பத்திரம். ஒரு அடிமைக்கு இவ்வளவு என்று காலனிவாரியாக ரேட் போட்டார்கள். மார்ட்டினிக்கில் 400 பிராங்க் சொச்சம், ரீயூனியன் தீவில் 700க்கு மேல். ஒழித்த பிறகும் ஒருமுறை மனிதருக்கு விலை போட்டுத்தான் கணக்கை முடித்தார்கள்.

அடுத்தது முதலாளிகளின் ஆள் பற்றாக்குறை. விடுதலையானவர்கள் அதே கரும்புக் காட்டில் அதே வேலையை அதே ஆளுக்குச் செய்ய விரும்பவில்லை. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. முதலாளிகள் இந்தியா பக்கம் திரும்பினார்கள். 1853 மே மாதம் ஒரேலி என்ற கப்பல் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து சுமார் 300 பேரோடு மார்ட்டினிக்கின் சேன் பியர் துறைமுகத்தில் வந்து நின்றது. அடுத்த முப்பது ஆண்டுகளில் அப்படி வந்த இந்தியர்கள் சுமார் 25,000 பேர். அவர்களில் பெரும்பங்கினர் தமிழர்கள். இவர்கள் அடிமைகள் அல்ல, ஒப்பந்தக் கூலிகள். இரண்டும் ஒன்றுதான் என்று மேடையில் பேசுவது சுலபம். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது, அது காகிதத்தில் இருக்கிறது. கூலிக்கு ஒரு ஒப்பந்தம் இருந்தது, எண் இருந்தது, பெயர் இருந்தது. ஏட்டில் பிரெஞ்சு எழுத்தர் காதில் விழுந்தபடி கோணல்மாணலாக எழுதியிருந்தாலும் அது பெயர்தான். அதனால்தான் பக்கத்துத் தீவான குவாதலூப்பில் முத்துசாமியும் ராமசாமியும் இன்றும் குடும்பப் பெயராக இருக்கின்றன. அந்த வம்சத்தில் ஒருவர் தன் முன்னோர் எந்தக் கப்பலில் வந்தார் என்று தேடினால் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. ஆன்ஸ் கஃபார் கரையில் புதைக்கப்பட்டவரின் பேரப்பிள்ளை தேடுவதற்கு எந்த ஏடும் இல்லை.

இந்தப் பின்னணியோடு அந்த 15 சிலைகளிடம் திரும்பிப் போனால், சிற்பி செய்த முடிவுகள் ஒவ்வொன்றாகப் புரியும். மார்ட்டினிக்கைச் சேர்ந்த லோரான் வலேர் இதை 1998இல் அமைத்தார். அது அடிமை ஒழிப்பின் 150ஆம் ஆண்டு. சிலைகள் நிற்கும் வரிசை ஒரு முக்கோணம். அது முக்கோண வாணிகத்தைக் குறிக்கிறது. நிறம் வெள்ளை. அந்தத் தீவுகளில் சாவுக்குரிய நிறம் அது. கல்லறைகளை வெள்ளையாகத்தான் வைப்பார்கள். கான்கிரீட்டில் கலந்த வெள்ளை மணல் டிரினிடாட் பக்கத்திலிருந்து வந்தது. முகங்கள் ஏறத்தாழ ஒன்றுபோல இருக்கின்றன. எந்த முகமும் தெரியாதபோது தனித்தனி முகம் செதுக்கினால் அது கற்பனை. தெரிந்ததை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறார். தெரிந்தது என்ன? விபத்து நடந்த இடம், தேதி, அவர்கள் வந்த திசை. அவ்வளவுதான்.

இதோடு ஒப்பிட பிரான்ஸின் நான்ட் நகரம் சரியான உதாரணம். பிரெஞ்சு அடிமை வியாபாரத்தின் தலைநகரமே அதுதான். அங்கே 2012இல் ஆற்றங்கரையில் ஒரு பெரிய நினைவிடம் திறந்தார்கள். தரையில் 2,000 கண்ணாடித் தகடுகள். அவற்றில் 1,710 தகடுகளில் நான்ட்டிலிருந்து புறப்பட்ட அடிமைக் கப்பல் பயணங்களின் பெயரும் ஆண்டும் இருக்கின்றன. மீதி 290இல் துறைமுகங்களும் வணிக இடங்களும். நல்ல நினைவிடம்தான், நேர்மையானதும்கூட. ஊர் தன் கணக்குப் புத்தகத்தைத் தானே தெருவில் விரித்து வைத்திருக்கிறது. ஆனாலும் நடந்து போகிறவர் குனிந்து படிப்பது கப்பல்களின் பெயரைத்தான், ஏற்றப்பட்டவர்களின் பெயரை அல்ல. அதுதான் ஏட்டில் இருந்தது. லெ டயமானில் கப்பலின் பெயரும் இல்லாததால், நின்று பார்ப்பதற்கு மனித உருவங்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. இரண்டில் எது மனதைப் பிடிக்கும் என்று கேட்டால், ஆன்ஸ் கஃபார்தான்.

சிலைகள் வந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2001 மே 21ஆம் தேதி, பிரான்ஸ் அடிமை வியாபாரத்தையும் அடிமை முறையையும் மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்று சட்டம் இயற்றியது. அதைக் கொண்டுவந்தவர் கிறிஸ்டியான் தோபிரா. பிறந்த ஊர் கயென். ஆம், பிழைத்தவர்களை அனுப்பி வைத்த அதே கயென். ஆப்பிரிக்கர், அமெரிக்கப் பூர்வகுடிகள், மடகாஸ்கர் மக்கள் ஆகியோரோடு இந்தியர்களையும் அந்தச் சட்டம் பாதிக்கப்பட்டவர்களாகக் குறிப்பிடுகிறது. காரணம் இந்தியப் பெருங்கடல். 18ஆம் நூற்றாண்டில் ரீயூனியனிலும் மொரீஷியஸிலும் இருந்த பிரெஞ்சுத் தோட்டங்களில் இந்திய அடிமைகளும் இருந்தார்கள். ஏடுகளில் 'மலபார்' என்று எழுதப்பட்டார்கள். அவர்களில் சிலர் ஏறியது நம் கரையிலிருந்து. அவர்களைப் பற்றி இங்கே பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி பார்ப்பதே அரிது.

ஆன்ஸ் கஃபார் சரிவிலிருந்து பார்த்தால் கடலில் ஒரு பெரிய பாறை தெரியும். டயமண்ட் பாறை, 175 மீட்டர் உயரம். நெப்போலியன் காலத்தில், 1804இல், பிரிட்டிஷார் அதன் உச்சியில் பீரங்கிகளை ஏற்றி, பாறையையே ஒரு போர்க்கப்பலாகக் கடற்படைப் பதிவேட்டில் பெயரோடு சேர்த்தார்கள். பதினேழு மாதம் அது 'கப்பலாக' இருந்தது. சுற்றுலா வருகிறவர்கள் அந்தக் கதையைக் கேட்டு ரசித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். 26 ஆண்டுகள் கழித்து, அந்தப் பாறையைப் பார்த்தபடி இருக்கும் இதே கரையில் நொறுங்கிய உண்மையான கப்பலுக்குத்தான் பெயர் இல்லை.